கடற்பாசி சூப்பும் நின்றுபோன கடிகாரமும்

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் யாராவது என்னிடம் வேலை பேசினால் எழுந்து போய்விடுவது என் வழக்கம். அன்றைக்கு எழ முடியவில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் என் உதவியாளன் சங்பில். முன்னால் ஆவி பறக்கும் காரமான மாட்டிறைச்சி சூப். எதிரில் வழியை அடைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் டிவி தொடர் தயாரிப்பாளர் பாங் கிசூ.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சாவு மண்டபம். இறந்தவர் 'திரும்பாத வியாழன்' தொடரின் லைட்டிங் தலைவருக்கு அப்பா. படப்பிடிப்பை நிறுத்திவிட்டு மொத்தக் குழுவும் கறுப்பு உடையில் வந்திருந்தது. லைட்டிங்காரரின் திருடுபோன வேனை ஒருமுறை நான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் நானும் வந்தேன்.

"மா மேடம், என் தொடருக்குள்ள எவனோ காலத்தை ஒளிச்சு வைக்கிறான். யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார் பாங்.

சங்பிலுக்குச் சோறு புரையேறியது. அது அதிர்ச்சியால் அல்ல, ஆனந்தத்தால் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவன் அந்தத் தொடரின் வெறியன்.

"புரியற மாதிரி சொல்லுங்க சார்" என்றேன்.

"கதை சாதாரணக் கொலைக் கதைங்க. ஒரு இன்ஸ்பெக்டர். அவன் ஒரு கொலையை விசாரிக்கறப்போ, ஒரு வியாழக்கிழமை அவன் பொண்டாட்டி காணாம போறா. அவ்வளவுதான். இதுல காலப் பயணமும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. ஆனா ஏழாம் பகுதியிலேர்ந்து ரசிகர்கள் என் உயிரை வாங்குறாங்க. இன்ஸ்பெக்டர் வீட்டுல காலைச் சாப்பாடு காட்டுனா, எப்பவும் கடற்பாசி சூப்."

"அதனால என்ன?"

சங்பில் பாய்ந்தான். "என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? கடற்பாசி சூப்னா பிறந்தநாள்! வருஷத்துல ஒரு நாள் சாப்பிடறதை ஒரு மனுஷன் நாலு பகுதியா விடாம சாப்பிடறான். அப்படின்னா?"

"அவனுக்கு வாய் ருசி செத்துப்போச்சு."

"அவன் ஒரே நாள்ல மாட்டிக்கிட்டான்! தினமும் அவனுக்கு அதே பிறந்தநாள்தான் விடியுது. அதுமட்டுமா? சுவர்க் கடிகாரம் ஏழாம் பகுதியிலேர்ந்து மூணு பத்துலயே நிக்குது. வீட்டை வெளியிலேர்ந்து காட்டினா மாடிக் கொடியில எப்பவும் அதே வெள்ளைத் துணி, வரிசையா. கோடித் துணின்னு ஒரு கூட்டம் சொல்லுது. எட்டாம் பகுதியில அவன் தனியா உக்காந்திருக்கறப்போ தூரத்துல ஒரு அழுகை கேக்கும் பாருங்க..."

"பூனை" என்றார் பாங் சலிப்போடு. "சவுண்ட்காரன் சத்தியம் பண்றான், பூனைன்னு."

"பொண்டாட்டி, சார். வேற காலத்துலேர்ந்து கூப்பிடறா."

பாங் என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்த்தேன்.

விஷயம் சிரிப்பாக இருந்தாலும் அவர் சிரிக்கவில்லை. தொடர் முடிய இன்னும் இரண்டே பகுதிகள். காலப் புதிருக்கு விடை சொல்லாமல் கொலைகாரனை மட்டும் காட்டி முடித்தால் ரசிகர்கள் சேனல் வாசலுக்கே வந்துவிடுவார்கள். அதனால் அன்று சாயங்காலம் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, இதெல்லாம் ஒரு ஊழியர் செய்த வேலை, அவரை நீக்கிவிட்டோம் என்று பெயரோடு அறிவிக்கப் போகிறாராம். அந்த ஊழியர், தொடருக்குத் தட்டுமுட்டுச் சாமான் முதல் சாப்பாடு வரை எடுத்து வைக்கும் நாம் சோரிம்.

"பேரே தெரிஞ்சாச்சு. அப்புறம் நான் எதுக்கு?"

"தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கறா. ஏன் பண்ணேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. எந்தச் சேனல்காரன் சொல்லிக் குடுத்தான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்." கிளாஸில் இருந்த சோஜூ சாராயத்தை ஒரே மடக்கில் இறக்கினார். "இந்தப் பக்கம் இவ. அந்தப் பக்கம் எழுத்தாளர் பியோ. அந்தம்மா போனை எடுக்கறதில்ல, எங்க இருக்காங்கன்னே தெரியல. மாத்திரை சாப்பிடற மாதிரி மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா ரெண்டு பக்கம் அனுப்பறாங்க. ராத்திரின்னு கிடையாது, பகல்னு கிடையாது. இன்னும் ஒரு தடவை லேட்டாச்சுன்னா மாத்து எழுத்தாளரை உக்கார வெச்சிடுவேன். அவர் தயாரா இருக்கார். காலப் பயணத்தையே வெச்சு முடிச்சுக் குடுத்துடுவார்."

"அப்ப ரசிகர்கள் சொன்னதே நிஜமாயிடும்" என்றான் சங்பில், கண்கள் பளபளக்க.

குட்டை மேசைக்கு அடியில் அவன் தொடையைக் கிள்ளினேன்.

சோரிம் மண்டப வாசலில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். யாரும் சொல்லாமலே, குவிந்து கிடந்த நூற்றுக்கணக்கான கறுப்புச் செருப்புகளையும் ஷூக்களையும் ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சிலருக்குக் கை சும்மா இருக்காது.

"துப்பறியறவங்கதானே? தப்பு என்னுதுதான் மேடம்" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"கடிகாரம் எப்படி நின்னுது?"

"சாவி குடுக்க மறந்துட்டேன்."

"ரெண்டு வாரமாவா?"

"மறதி மேடம். வயசாகுதில்ல?"

"சூப்பு?"

"வேற மாத்தணும்னு தோணவே இல்ல. அதுவும் மறதிதான்."

பேசிக்கொண்டே குனிந்து, அந்தக் குவியலிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து என் காலடியில் வைத்தாள். என்னுடையதேதான். அடுத்து சங்பிலின் ஷூ. நாங்கள் வந்தபோது அவள் எங்களைப் பார்த்தது ஒரு நொடி இருக்கும்.

வெளியே வந்ததும் சங்பில் சொன்னான்: "அவங்களுக்கா மறதி? நான் காலையில என்ன சாக்ஸ் போட்டேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. அவங்களைக் கேட்டா சொல்வாங்க போல."

"யாரையோ காப்பாத்தறா. அவ வேலை போனாலும் பரவாயில்லைன்னு காப்பாத்தறா. அந்த வீட்டைப் பாக்கணும், வண்டியை எடு."

வண்டி ஏறும் முன் சங்பில் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து என் தலையில் உப்பை வீசினான். சாவு வீட்டுத் தோஷம் கழிய வேண்டுமாம். பாதி உப்பு என் காதுக்குள் போனது.

புவாம்-தோங் மேட்டில் அந்த வீடு. வழி முழுக்க சங்பில் எனக்குப் பாடம் எடுத்தான். ரசிகர் தளத்தில் பதினோரு கட்சிகள் உண்டாம். ஒரே நாள் கட்சி, இரண்டு உலகக் கட்சி, இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே செத்துவிட்டான் கட்சி. எதைக் கேட்டாலும் அவர்களிடம் பதில் இருந்தது. எந்தத் தடயத்தைக் கையில் எடுத்தாலும் அதன் மேல் ஏற்கெனவே நாற்பது பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இன்சூரன்ஸ் மோசடிகளைத் துப்பறிந்து பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவள் நான். பொய் சொல்பவர்களைச் சமாளித்துவிடலாம். இப்படி மனசாரச் சொல்பவர்களை என்ன செய்வது?

"மேடம், நீங்க ஏன் காலத்தை மட்டும் நம்ப மாட்டேங்கறீங்க?"

"நம்பறேன். இப்ப என் காலத்தை நீ தின்னுக்கிட்டிருக்க."

மாடி வைத்த பழைய செங்கல் வீடு. கீழ்த்தளத்தைத்தான் படப்பிடிப்புக்கு விட்டிருந்தார்கள். வாசல் தூணில் 'சா இல்வோன்' என்று வீட்டுக்காரரின் பெயர்ப் பலகை. மணி அடித்தேன். கதவு ஒரு சாண் திறந்தது. அறுபது வயதை நெருங்கும் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். எங்கள் கறுப்பு உடையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"எங்கிருந்து வரீங்க?"

"ஒரு துக்கத்துக்குப் போயிட்டு..."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "சாவுக்குப் போயிட்டு நேரா இங்கயா வருவீங்க? அறிவில்ல? போங்க, போங்க!"

"உப்பு போட்டாச்சும்மா!" என்று கத்தினான் சங்பில்.

"மூட்டையே கவுத்துக்கிட்டாலும் இந்தப் படியை மிதிக்கக் கூடாது! சூட்டிங்காரங்க கிட்டயும் சொல்லிடுங்க. சாவுக்குப் போனவங்க ஒருத்தர்கூட இந்த வாரம் வரக் கூடாது!"

மறுபடி மணி அடித்தேன். மணியின் ஒயரையே பிடுங்கிவிட்டாள் போலிருக்கிறது, சத்தம் வரவில்லை. கதவைத் தட்டினேன், கெஞ்சினேன், என் பெயர் அட்டையைக் கதவிடுக்கில் நுழைத்தேன். அட்டை அப்படியே திரும்பி வந்தது.

எனக்கு அழுகை வராத குறைதான். சாயங்காலம் ஒருத்தியின் பிழைப்பு போகப் போகிறது. பார்க்க வேண்டிய வீட்டின் வாசலில் ஒரு குசினிக் கரண்டிகூடப் பார்க்க முடியாமல் நிற்கிறேன். மதில் ஓரமாகச் சாய்ந்து நின்றேன். தலைக்கு மேல் பக்கத்து வீட்டு மரத்தில் பறவைகளுக்கென்று விட்டுவைத்த நாலைந்து பனிச்சம் பழங்கள். அவற்றை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான் சங்பில்.

"பத்தாம் பகுதியில இந்தப் பழம் ஆறு இருந்துது மேடம். இப்ப அஞ்சு. காலம் முன்னாடி நகருதுன்னு அர்த்தம்."

"ஒண்ணைக் காக்கா தின்னுதுன்னு அர்த்தம். வாயை மூடு."

அவன் வாயை மூடினான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய, இழுத்து இழுத்து வரும் சத்தம். சங்பில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எட்டாம் பகுதி..."

"பூனைன்னுதானே சவுண்ட்காரர் சொன்னார்?" என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஏதோ இடறியது. எங்களை விரட்டியது வெறும் கோபம் இல்லை, பயம். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களைப் பார்த்து இந்தக் காலத்தில் சியோலில் யார் இவ்வளவு பயப்படுகிறார்கள்? நம்மூர்க்காரர்கள் உப்பைப் போட்டுவிட்டு நேராக ஆபீசுக்கே போய்விடுகிறார்கள். கல்யாணம் நிச்சயமான வீட்டில் கொஞ்சம் பார்ப்பார்கள். அதைவிட அதிகமாகப் பார்ப்பது ஒரே ஒரு வீட்டில்தான்.

நிமிர்ந்து மாடிக் கொடியைப் பார்த்தேன். வெள்ளைப் பருத்தித் துணிகள். எல்லாம் ஒரே அளவு, நாலு பக்கமும் மடித்துத் தைத்தவை. குசினி ஜன்னலிலிருந்து நல்லெண்ணெயில் வதங்கும் கடற்பாசி வாசனை இறங்கி வந்தது. இன்றைக்குப் படப்பிடிப்பே கிடையாது. யாருக்கு இந்தச் சூப்?

"சங்பில், உனக்கு எத்தனை பிள்ளைங்க?"

"மேடம், எனக்குக் காதலியே கிடையாது. நேரா பிள்ளைக்குப் போயிட்டீங்களே."

"அதான் உனக்குத் தெரியல. உன் தளத்துல எவனுக்கும் தெரியல. கடற்பாசி சூப் பிறந்தநாளுக்கு மட்டும்தான் சாப்பிடுவாங்களா?"

அவன் யோசித்தான். அவன் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. "பிள்ளை பெத்தவங்க..."

"பிள்ளை பெத்தவ மூணு வேளையும் அதைத்தான் குடிப்பா. வாரக்கணக்கா. இப்பல்லாம் பிரசவம்னா எல்லாரும் பராமரிப்பு இல்லத்துக்குப் போயிடறாங்க. கடையில வாங்கின டயபர், குழந்தை கண்ணாடி அறைக்குள்ள. வீட்டுல பிள்ளை பெத்தவளைப் பாத்ததே இல்ல உங்க கூட்டம். அது கோடித் துணி இல்லடா, குழந்தைக்குக் கட்டற துணி."

"கடிகாரம்?"

"அது மணி அடிக்கிற கடிகாரம்தானே? அரை மணிக்கு ஒரு தடவை டாண் டாண்னு அடிச்சா எந்தக் குழந்தை தூங்கும்? நிறுத்தி வெச்சுட்டாங்க."

"பொண்டாட்டியோட அழுகை?"

மேலே அந்தப் பூனை மறுபடி அழுதது. பால் கேட்கிற அழுகை. சங்பில் சுவரில் சாய்ந்துவிட்டான். இரண்டு வாரம் ராத்திரி கண் விழித்துக் கட்டிய கோட்டை அது, பாவம்.

எனக்கும் முழுச் சந்தோஷம் இல்லை. வீட்டில் குழந்தை பிறந்தால் அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? வேலை போகிற அளவுக்கு சோரிம் ஏன் மறைக்க வேண்டும்? மாடியில் இருப்பது யார்?

வீட்டுக்குப் பின்னால் சந்து. மாடிக்குத் தனியாக ஒரு இரும்புப் படிக்கட்டு, அதன் உச்சியில் ஒரு கதவு, பக்கத்தில் திரை போட்ட ஜன்னல். ஏறினால் தெரிந்துவிடும். சங்பில் முதல் படியில் கால் வைத்தான். அவன் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன் மேடம்? உங்களுக்குத்தான் இதுலல்லாம் நம்பிக்கை கிடையாதே."

"கிடையாது. ஆனா பச்சைக் குழந்தை இருக்கற வீட்டுக்குள்ள சாவு உடுப்போட போற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகல."

பதினைந்து படி தூரத்தில் விடை. என் கால் எழவில்லை. எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

சங்பில் புலம்ப ஆரம்பித்தான். "அப்ப காலமே இல்லையா மேடம்? இன்ஸ்பெக்டர் ஒரே நாள்ல மாட்டிக்கலையா? அவன் பொண்டாட்டி பழைய காலத்துக்குப் போயி..."

மேலே திரை அசைந்தது. காற்று இல்லை. அவன் நிறுத்தினான், திரையும் நின்றது.

"சொல்லு. நிறுத்தாதே" என்றேன்.

"என்ன சொல்ல?"

"உன் பதினோரு கட்சியையும் சொல்லு. சத்தமா சொல்லு. பொதுக்கூட்டத்துல பேசற மாதிரி."

அவனுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. இடுப்பில் கை வைத்து நின்றான். "இன்ஸ்பெக்டர் பொண்டாட்டி காணாம போகல! அவ காலத்தோட விரிசல்ல விழுந்துட்டா! சூப்தான் அதுக்குச் சாட்சி!" திரை நடுங்கியது. "எழுத்தாளர் பியோ ஒரு மேதை! கொலையெல்லாம் சும்மா பூச்சாண்டி! கொலைகாரன்னு ஒருத்தனே கிடையாது! காலம்தான் கொலைகாரன்!"

ஜன்னல் படாரென்று திறந்தது.

"நிறுத்துடா!"

கலைந்த கூந்தல், தடித்த கம்பளி மேலாடை, இமை கறுத்த கண்கள். ஒரு தோளில் துணிச் சுருளாக ஒரு குழந்தை, மறு கையில் ஒரு பேனா. "காலமாம் காலம்! அவ எந்தக் காலத்துக்கும் போகல! பூசானுக்குப் போயிருக்கா, அவ அக்கா வீட்டுக்கு! கொன்னது பல் டாக்டர்! மூணாம் பகுதியிலேயே அவன் கை உறையைக் காட்டி எழுதியிருக்கேன். ஒருத்தனாவது பாத்தீங்களா? எல்லாரும் சூப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க! நான் பக்கம் பக்கமா மண்டையை உடைச்சு எழுதறேன், நீங்க கொடியில காயற துணியைப் பாத்து..."

அங்கே நிறுத்தினாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பேனா பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வணக்கம், பியோ மேடம்" என்றேன்.

சங்பில் சந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பல் டாக்டரா?" என்று தரையைப் பார்த்து முனகினான்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கம் ஏன் வந்தது என்று இப்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தை பால் குடித்துத் தூங்கும் நேரம்தான் அவள் எழுதும் நேரம்.

ஜன்னலுக்கும் சந்துக்குமாகப் பேசினோம். எங்களை விரட்டிய அம்மாள் இவளுடைய மூத்த அக்கா. வாசல் பலகையில் இருப்பது அக்கா கணவரின் பெயர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டைப் படப்பிடிப்புக்கு விட்டது வயிறு தெரிவதற்கு முன்பு. குழந்தை முந்திக்கொண்டு பிறந்துவிட்டது. சோரிம் இவளோடு பள்ளியில் படித்தவள், பாங் போடும் கஞ்ச உத்தரவுகளையெல்லாம் இவளிடம் சொல்பவள்.

"பாங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"போன வருஷம் ஒரு எழுத்தாளர், உண்டாயிருக்கேன்னு சொன்னா. பூங்கொத்து அனுப்பினார். உடம்பைப் பாத்துக்கோங்க, பாக்கியை நாங்க பாத்துக்கறோம்னு சொல்லி பேனாவைப் பிடுங்கிட்டார். இன்னும் ரெண்டே பகுதிதான் இருக்கு. நாலு வருஷம் மனசுல வெச்சிருந்த கதை, இதைக் காலப் பயணமா ஆக்கிடுவாங்க மேடம்." குரல் உடைந்தது. பிறகு சட்டென்று முறைத்தாள். "அப்பா யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"அதைக் கண்டுபிடிக்க என்னை யாரும் கூப்பிடலையே. ஆனா சோரிமை இன்னிக்கு சாயங்காலம் பேர் சொல்லி நீக்கப் போறாங்க. அது தெரியுமா?"

தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். 

"பைத்தியக்காரி, சொல்லவே இல்ல. நான் பாங்குக்குப் போன் பண்றேன். எழுத்து போனா போகட்டும்."

"சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிட்டு இருங்க. ஜன்னலையும்தான்" என்றேன்.

சேனல் கட்டிடத்தின் கூட்ட அறையில் மைக் வைத்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் சோரிம் தலை குனிந்து நின்றாள். அந்த நிலையிலும் மேசையில் கோணலாக இருந்த தண்ணீர் பாட்டில்களை நேராக்கிக்கொண்டிருந்தாள். பாங்கைத் தனியாக ஜன்னல் பக்கம் இழுத்தேன்.

"ஆள் கிடைச்சாச்சு. அறிவிக்கறீங்களா?"

"யாரு?"

"நீங்கதான்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் நிதானமாகக் கேட்டேன்: "அந்த வீட்டுல ஒரு ஸ்பூனைக்கூட நகத்தக் கூடாது, வெளியிலேர்ந்து எதையும் வாங்கவும் கூடாது, இருக்கறதை வெச்சே எடுங்கன்னு உத்தரவு போட்டது யாரு?"

"நான்தான். செலவு கைமீறிப் போச்சு..."

"சமையலுக்கு இருந்த பொண்ணை நிறுத்தினது?"

"அதுவும்..."

"வீட்டுக்காரங்க குடும்பத்துல குழந்தை பிறந்திருக்கு. அடுப்புல இருக்கறது பிள்ளை பெத்தவளுக்கான சூப். இருக்கறதை வெச்சே எடுன்னா சோரிம் எதை ஊத்துவா? கடிகாரத்தை நிறுத்தினது வீட்டுக்காரங்க. துணி குழந்தையோடது. உங்க சவுண்ட்காரர் சொன்ன பூனைக்கு வயசு ரெண்டு வாரம். மாடியில ஆள் இருக்கறதை வெளிய சொல்ல வேண்டாம்னு வீட்டுக்காரம்மா கேட்டுக்கிட்டாங்க. சோரிம் வாக்கைக் காப்பாத்தினா. இதைப் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லுங்க. தலைப்பு நல்லா வரும். கஞ்சத் தயாரிப்பாளர், பிள்ளை பெத்தவளோட சூப்பை எடுத்து ஹீரோவுக்குக் குடுத்தார்னு."

பாங் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார்.  பிறகு தன் உதவியாளரைக் கூப்பிட்டு, இன்றைக்கு இறுதிப் பகுதிகளின் நேரத்தை மட்டும் அறிவித்தால் போதும் என்றார். என்னிடம் திரும்பி, "நம்ம படப்பிடிப்பு வீடு. நேர்ல போயி குழந்தையைப் பாத்து ஒரு வார்த்தை வாழ்த்திட்டு வந்துடறேனே" என்றார்.

போனால் பியோவைப் பார்த்துவிடுவார். சங்பில்தான் முந்தினான்.

"தாராளமா போங்க சார். ரெண்டு நாளா சாவு மண்டபத்துல உக்காந்து எழுந்து அப்படியே போறீங்க. மூணு வாரம் ஆகாத குழந்தை. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஊரே உங்களைத்தான் சொல்லும்."

பாங் தன் கறுப்புக் கோட்டைக் குனிந்து பார்த்தார். கார் சாவியை எடுக்கப் போன கையைச் சூடு பட்டவர்போல இழுத்துக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம். ஒரு கட்டு கடற்பாசி அனுப்பி வெச்சுடறேன். நம்ம குழுவுல எல்லாருமே சாவுக்கு வந்தவங்கதான். யாரும் மாடிப் பக்கம் போக வேணாம்னு சொல்லிடறேன்."

வெளியே போகும்போது சோரிம் என் பக்கத்தில் வந்தாள். "மேல போனீங்களா மேடம்?"

"ஜன்னல் வரைக்கும்."

அவள் இடுப்பு வளைய வணங்கினாள். நிமிர்ந்தபோது கண்கள் நிறைந்திருந்தன. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சங்பில் பெருமூச்சு விட்டுக்கொண்டே வண்டி ஓட்டினான். முடிவு தெரிந்துவிட்டது, யாரிடமும் சொல்ல முடியாது. அவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சிக்னலில் நின்றபோது வழக்கம்போலப் போனை எடுத்து ரசிகர் தளத்தை மேய்ந்தான். திடீரென்று வண்டியை ஓரம் கட்டினான்.

"மேடம், இதைப் பாருங்க."

'மூணு பெத்தவ' என்ற பெயரில் ஒரு பதிவு. காலையில் போட்டது. 'தப்பா நினைக்காதீங்க. அது கால மர்மம் இல்லைன்னு தோணுது. அந்த வீட்ல பச்சைக் குழந்தை இருக்கு. சூப்பு, துணி, அழுகை எல்லாம் அதான். இன்னொண்ணும் சொல்றேன். தொடர் அறிமுக விழாவுல அவ்வளவு வெயில்லயும் எழுத்தாளர் பியோ பெரிய கோட்டு போட்டுக்கிட்டு, இடுப்புல கை குடுத்துத்தான் மேடை ஏறினாங்க. நான் மூணு பெத்தவ. எனக்குத் தெரியும்.'

கீழே நாற்பது பேர் அவளைக் கிழித்திருந்தார்கள். குழந்தையாம், சமையலறைக்குப் போ, உன் மூளையிலும் கடற்பாசியா. பகல் முழுக்க மூன்றே மூன்று விருப்பம்தான் விழுந்திருந்தது. ஆனால் இப்போது ஏறிக்கொண்டிருந்தது. ஏழு. பதினொன்று.

"பாங் சார் தினமும் இதைப் படிப்பார் மேடம். குழந்தை இருக்குன்னு இப்பத்தான் நாமளே அவர்கிட்ட சொல்லிட்டு வந்தோம். அந்தக் கோட்டு விஷயத்தையும் படிச்சார்னா..."

ரெண்டையும் ரெண்டையும் கூட்ட பாங்குக்கு ஒரு நிமிஷம் போதும். அப்புறம் பூங்கொத்து, மாற்று எழுத்தாளர், எல்லாம் வந்துவிடும்.

"போனைக் குடு" என்றேன்.

"என்ன பண்ணப் போறீங்க?"

 காலையிலிருந்து என் உயிரை எடுத்த அத்தனை கட்சிகளையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன்.

'சூப்பையும் கடிகாரத்தையும் ஒரு நிமிடம் விடுங்கள். அழுகையைக் கவனியுங்கள். அது குழந்தையின் அழுகைதான். ஆனால் இன்றைய அழுகை இல்லை. காணாமல் போன மனைவி அதே வீட்டில் பிறந்தவள். தான் பிறந்த நாளுக்கே அவள் திரும்பிப் போய்விட்டாள். சூப் அவளைப் பெற்ற தாய்க்கு. துணி அவளுக்கு. கடிகாரம் நிற்பது அவள் பிறந்த நேரத்தில். பிறந்தநாள் இன்ஸ்பெக்டருடையது அல்ல, அவளுடையது.'

பதிவு போய் ஐந்து நிமிஷத்தில் தளம் பற்றிக்கொண்டது. பன்னிரண்டாவது கட்சி பிறந்துவிட்டது. பழைய கட்சிக்காரர்கள் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார்கள். விருப்பம் ஆயிரத்தைத் தாண்டியது. மூணு பெத்தவளின் பதிவு எங்கோ அடியில் போய்ப் புதைந்தது. எனக்கு வாயெல்லாம் கசந்தது.

சங்பில் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான். இரண்டாம் முறை படித்தான்.

"மேடம்..."

"என்ன?"

"இது சரியாத்தான் இருக்கும் போலிருக்கே."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் போன் அதிர்ந்தது. என் பதிவுக்குக் கீழே புதிதாக ஒரு பதில். எழுதியவள் மூணு பெத்தவ.

'நான் அவ்வளவு தூரம் யோசிக்கல. நீங்க சொல்றதுதான் சரி. தப்பா எழுதினதுக்கு எல்லாரும் மன்னிச்சிடுங்க. என் பதிவை எடுத்துட்டேன்.'